ஸ்க்ரூ இறுகவில்லை, கிளீட் ஆடுகிறது: ஃபைபர் படகில் மக்கிய மரத்தை எபாக்சியால் சரிசெய்வது

ஃபைபர் படகு மக்காது என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். ஃபைபர் மக்காது, உண்மைதான். ஆனால் மேல்தளம், எஞ்சின் தொங்கும் பின்பலகை, அடியில் ஓடும் விட்டங்கள் என்று பல இடங்களில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே மரம் இருக்கிறது. சில படகுகளில் பிளைவுட், சிலவற்றில் பால்சா என்ற மிக இலகுவான மரத்தின் கட்டைகள். தோல்கள் இரண்டையும் விலக்கிப் பிடித்துத் தளத்துக்கு விறைப்பைத் தருவது அந்த மரம்தான். கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), கைப்பிடிக் கம்பி, கீல், வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை) என்று எந்த ஃபிட்டிங்கைப் பொருத்தினாலும் அதன் போல்ட் இந்த மரத்தைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும். போல்ட்டைச் சுற்றி வைத்த சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) சில வருடங்களில் காய்ந்து, இறுகி, பிடியை விட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே போகும். மேலும் கீழும் ஃபைபர் இருப்பதால் போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. அந்த வரம்பைத் தாண்டி மாதக்கணக்கில் நின்றால் வளரும். இதில் கடல்நீரைவிட மழைநீர் மோசம். உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் கட்டிப்போடும், மழைநீரில் அந்தத் தடை கிடையாது.

கீழே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன். எந்த அறிகுறியானாலும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: தண்ணீர் எந்த ஓட்டை வழியாக உள்ளே போனது? ஆடுகிற ஃபிட்டிங்கை இறுக்குவது எளிது. ஆனால் இறுக்க இறுக்க, மக்கிய மரம் இன்னும் நசுங்கும், மேல்தோல் குழியும், அந்தக் குழியில் இன்னும் தண்ணீர் தேங்கும்.

எதையும் கழற்றும் முன்: எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே நகருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். மரம் மக்கியோ தோலைவிட்டுப் பிரிந்தோ இருந்தால் ‘தொப் தொப்’ என்று மந்தமாகிவிடும். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் உங்கள் வேலையின் எல்லை தெரிந்துவிடும். பெரும்பாலும் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

ஈரம் அளக்கும் கருவி இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அடியில் உலோகத் தகடோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அது ஏமாற்றும். நான் அதிகம் நம்புவது டிரில்லைத்தான். 5 மி.மீ. பிட்டில், மேல்தோலைத் தொடாத அளவுக்கு ஒரு டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, படகின் உள்பக்கத்திலிருந்து துளையிடுங்கள். பிட்டோடு வரும் துருவலை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உதிரியாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தால் மரம் நன்றாக இருக்கிறது. வெளிராகவே, ஆனால் ஈரமாக இருந்தால் தண்ணீர் வந்துவிட்டது, மக்கல் இன்னும் தொடங்கவில்லை, காயவைத்துக் காப்பாற்றலாம். கரும்பழுப்பாக, விரலில் அப்பிக்கொண்டு, மழையில் ஊறிய சருகின் வாடையோடு வந்தால் அந்த மரத்தை மறந்துவிடுங்கள். இப்படி 10 செ.மீ. தள்ளித் தள்ளித் துளைத்துக்கொண்டே போனால் நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று கைக்கே தெரியும்.

பிளைவுட்டில் தண்ணீர் அடுக்குகளின் நார் வழியே பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். பால்சாவை நார் மேல்கீழாக நிற்கும்படி வெட்டி வைத்திருப்பார்கள், அதனால் பக்கவாட்டில் பரவுவது மெதுவாகத்தான். ஆனால் கட்டைகளுக்கு இடையே உள்ள வெட்டுகளில் ரெசின் நிரம்பாமல் விட்டிருந்தால் அவையே வாய்க்காலாகிவிடும். நுரைப்பொருள் உள்ளே இருக்கும் படகானால் அது மக்காது, தோலைவிட்டுப் பிரியலாம்.

அறிகுறி: ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது போல்ட் ஓட்டையில் பழுப்புத் தண்ணீர் கசிகிறது

இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். பலர் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனான ஒன்றைப் போடுகிறார்கள், அல்லது ஓட்டையில் தீக்குச்சியைச் செருகுகிறார்கள். ஒரு பருவத்துக்குத் தாங்கும். அதற்குள் மக்கல் இன்னும் ஒரு கை அகலம் நகர்ந்திருக்கும்.

மக்கல் ஓட்டையைச் சுற்றி ஓரிரண்டு செ.மீ.க்குள் நின்றிருந்தால் தளத்தை வெட்ட வேண்டாம். 6 மி.மீ. போல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஃபிட்டிங்கைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுங்கள். சிலிகான் இருந்தால் கடைசித் துணுக்குவரை போக வேண்டும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. அப்புறம் மேலிருந்து 12 மி.மீ. பிட்டால் மேல்தோலையும் மரத்தையும் மட்டும் துளையுங்கள். கீழ்த்தோலைத் தொடாதீர்கள், அதில் பழைய 6 மி.மீ. ஓட்டையே இருக்கட்டும்.

அடுத்தது முக்கியமான வேலை. ஒரு ஆணியின் தலையை வெட்டிவிட்டு நுனியை ‘ட’ போல வளைத்து, மறுமுனையை டிரில்லில் மாட்டுங்கள். வளைந்த பகுதி 10 மி.மீ. நீளம் இருந்தால் போதும். ஓட்டைக்குள் இறக்கி மெதுவாகச் சுற்றவிட்டால் இரண்டு தோல்களுக்கு நடுவே இருக்கும் மரத்தை மட்டும் அது அரித்து வெளியே தள்ளும். முதலில் கருப்பாக வரும், பிறகு பழுப்பாக, பிறகு வெளிராக. வெளிர் நிறம் வரும்வரை நிறுத்தாதீர்கள். முழு வீச்சில் சுற்றியும் வெளிர் நிறம் வரவில்லை என்றால் இந்த வழி உங்களுக்குப் போதாது, அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

குழியை வாக்குவம் வைத்து உறிஞ்சி, காயவிடுங்கள். இதில் பொறுமை வேண்டும். சூடான காற்றை மிதமாக அடித்தால்கூட நாட்கணக்கு ஆகும். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிம்மதி. 18 சதவீதத்தைத் தாண்டி இருந்தால் எபாக்சியை (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) திறக்கவே வேண்டாம்.

காய்ந்ததும் கீழ் ஓட்டையை டேப்பால் அடையுங்கள். ரெசினும் ஹார்ட்னரும் மட்டும் கலந்த, எதுவும் சேர்க்காத எபாக்சியை முதலில் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் மரம் குடிக்கவிடுங்கள். மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிக்கா தூள் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்த எபாக்சியை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் அடியிலிருந்து மேலே நிரப்புங்கள். மேலிருந்து அப்பினால் காற்று அடியில் சிக்கிக்கொள்ளும். அதிக பாரம் தாங்கும் ஃபிட்டிங் என்றால் மைக்ரோபலூன் (நுண்ணிய வெற்றுக் குமிழித் தூள்) மாதிரி இலகுவான நிரப்பிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

முழுதாக இறுகியதும் நடுவில் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். இனி அந்த போல்ட்டைச் சுற்றி இருப்பது எபாக்சி மட்டும். பிற்காலத்தில் சீலன்ட் மறுபடி தோற்றாலும் தண்ணீர் அந்தக் குழாய் வழியே நேராகக் கீழே சொட்டுமே தவிர மரத்தைத் தொடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிதாக ஒரு ஃபிட்டிங் வைக்கும்போதும் இதேபோல் பெரிதாகத் துளைத்து, நிரப்பி, மறுபடி துளைக்கச் சொல்வேன்.

அறிகுறி: ஃபிட்டிங்கைச் சுற்றி மிதித்தால் தளம் அமுங்குகிறது

இங்கே ஒரு ஆசை வரும். தளத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போட்டு, நீர்த்த எபாக்சியை ஊற்றினால் மரம் கல்லாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். தளம் உடனே கெட்டியானது, மனம் நிறைந்துபோனது. இரண்டு மழைக்காலம் கழித்து மறுபடி அமுங்கியது. வெட்டித் திறந்தபோது ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு எபாக்சி முளை நின்றது, நடுவே இருந்த மரம் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் கருப்பாகக் கிடந்தது. காரணம் எளிது. ஈர மரத்தின் நுண்துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. எபாக்சி போக இடமில்லை. அசிட்டோன் கலந்து நீர்க்கச் செய்தாலும் உள்ளே சிக்கிய அசிட்டோன் எபாக்சியைப் பலவீனமாக்கும். அந்த முளைகளைச் சுரண்டி எடுக்க எனக்கு மரத்தை எடுத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. அதனால் சொல்கிறேன், அமுங்கும் தளம் என்றால் திறந்துதான் ஆக வேண்டும்.

பென்சில் எல்லைக்கு வெளியே 5 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, வெட்டும் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு மட்டும் வைத்து வெட்டுங்கள். தோலை முழுத் துண்டாக நெம்பி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அதையே திரும்ப ஒட்டப்போகிறோம். மக்கிய மரத்தை உளியால் எடுத்து, கீழ்த்தோலை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். புதுத் துண்டை வெட்டிப் பொருத்திப் பார்த்து, எல்லாம் சரியாக உட்காருகிறது என்று தெரிந்த பிறகே எபாக்சி கலக்குங்கள். எல்லாப் பரப்புகளிலும், முக்கியமாக மரத்தின் ஓரங்களிலும், முதலில் வெறும் எபாக்சி. பிறகு பற்பசைப் பதக் கலவை. துண்டை அழுத்தும்போது ஓரங்களில் கலவை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் அடியில் காற்று இருக்கிறது. மேல்தோலையும் அதேபோல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, மணல் பைகளை அடுக்கிவிடுங்கள். ஃபிட்டிங் வரும் இடத்தில் பால்சாவுக்குப் பதிலாக எபாக்சியும் கண்ணாடி நாரும் சேர்ந்த திடத் தகட்டையோ நல்ல மரைன் பிளைவுட்டையோ வைத்தால் போல்ட்டை இறுக்கும்போது தளம் நசுங்காது.

இனி வெட்டுக்கோடு. அதன் மேல் வெறுமனே பட்டி பூசினால் ஒரே வெயிலில் கோடு தெரிந்துவிடும். தோலின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு இருபுறமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். தோல் 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. அந்தச் சரிவில் கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காக எபாக்சியில் நனைத்து இடுங்கள். நான் அகலமான பட்டையை முதலில் இட்டு, குறுகியதை மேலே வைப்பேன். கடைசியில் தேய்த்துச் சமன்செய்யும்போது அடிப்பட்டையின் நார்கள் அறுபடாமல் இருக்கும். சாதாரண நறுக்கு நார் விரிப்பை மட்டும் வாங்காதீர்கள். அதன் நார்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, அதனால் விரிப்பு விறைத்துக்கொண்டு படியாது. தைத்த இருதிசைத் துணிதான் சரி.

அறிகுறி: எஞ்சினை அழுத்தினால் பின்பலகை அசைகிறது

எஞ்சினைச் சாய்த்து நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் கையால் அழுத்திப் பாருங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் பலகையின் மேல்விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பலகை நெளிந்தாலோ, எஞ்சின் பிடிக்கும் இடத்தின் மூலைகளில் விரிசல் வாய் திறந்தாலோ அந்தப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஓடும்போது உந்துவிசை முழுவதும் அந்தப் பலகையில்தான் இறங்குகிறது. சோதனை ஓட்டைகளை அடியோரத்தில் போடுங்கள், தண்ணீர் அங்கேதான் தேங்கும். குற்றவாளி பெரும்பாலும் வடிகால் ஓட்டையாகவோ, ஆழமானி பொருத்திய சின்ன ஸ்க்ரூவாகவோ இருக்கும். அந்த ஸ்க்ரூ நீர்மட்டத்துக்கு அடியில் இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முறை அதேதான், அளவு பெரிது. எஞ்சினை இறக்கிவிட்டு, பலகையின் மொத்தத் தடிமனை அளந்து எழுதி வையுங்கள். பல சிறு படகுகளில் 38 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். புதுப் பலகை அதைவிடத் தடித்துவிட்டால் எஞ்சினின் கவ்வி ஏறாது. வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளேயிருந்து திறந்து, ஓரங்களில் 5 முதல் 7 செ.மீ. உள்தோலை விட்டுவையுங்கள். இரண்டு மரைன் பிளைவுட் தகடுகளைக் கெட்டி எபாக்சியால் ஒன்றாக ஒட்டி, அதை வெளித்தோலோடு ஒட்டுங்கள். பழைய எஞ்சின் ஓட்டைகள் வழியே மெழுகு தடவிய போல்ட்டுகளைப் போட்டு இழுத்துப் பிடித்தால் கவ்விகளைவிடச் சீராக அழுத்தும். மூலைகளைக் கலவையால் வளைவாக நிரப்பி, மேலே குறைந்தது மூன்று அடுக்கு கண்ணாடித் துணியை அடிப்பக்கம், பக்கச்சுவர் வரை ஏற்றி இடுங்கள். எல்லா ஓட்டைகளையும் முன்பு சொன்னபடி பெரிதாகத் துளைத்து நிரப்பித்தான் போட வேண்டும். கனமான எஞ்சின் என்றால், மூடும் முன் படகு கட்டுபவர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

அறிகுறி: ஃபிட்டிங்கைச் சுற்றி நட்சத்திரம் போல் விரிசல், ஆனால் தட்டினால் சத்தம் நன்றாக இருக்கிறது

மரம் இன்னும் பிழைத்திருக்கிறது. அடியில் வெறும் வாஷர் மட்டும் இருக்கும், பாரம் ஒரே புள்ளியில் இறங்கியிருக்கும். ஃபிட்டிங்கின் அடிப்பரப்பைவிடப் பெரிய அடித்தட்டை, மூலைகளை உருட்டி, அலுமினியத்திலோ திட எபாக்சிக் கண்ணாடித் தகட்டிலோ செய்து போடுங்கள். விரிசலை ‘வி’ வடிவில் கீறித் திறந்து நிரப்பிக்கொள்ளலாம்.

அறிகுறி: எவர்சில்வர் போல்ட்டைச் சுற்றித் துருக் கறை

துருப்பிடிக்காத எஃகு காற்றில்தான் துருப்பிடிக்காது. ஈர மரத்துக்குள், ஆக்சிஜன் எட்டாத இடுக்கில், அதன் காப்புப் படலம் அழிந்து குழிகுழியாக அரிக்கும். தலையும் நட்டும் பளபளப்பாகவே இருக்கும், நடுத்தண்டு பாதியாகியிருக்கும். கழற்றிப் பார்த்து, நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் திரும்பப் போடாதீர்கள். பாய்மரத்தின் கம்பிகளைப் பிடிக்கும் தகடுகளில் இந்தக் கறை தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது.

எபாக்சி சொன்னபடி கேட்காதபோது

ஒரு நாள் ஆகியும் பிசுபிசுக்கிறது என்றால் பெரும்பாலும் அளவுதான் தவறியிருக்கும். பாலியெஸ்டர் ரெசினில் 1 முதல் 2 சதவீதம் ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தில் எபாக்சிக்கும் கூடுதலாக ஊற்றினால் கெட்டது. எபாக்சியில் ஹார்ட்னர் ரெசினோடு சரிக்குச் சரி பிணைந்தாக வேண்டும். மிஞ்சியது எதுவானாலும் இறுகாமல் உள்ளே கிடக்கும். வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்சி பிராண்டின் 105 ரெசினுக்கு 205, 206 ஹார்ட்னர்கள் என்றால் 5:1, அதே ரெசினுக்கு 207, 209 என்றால் 3:1. அவர்களுடைய பம்புகள் இந்த விகிதத்தைத் தாங்களே அளந்து தரும். ரெசினுக்கு ஒரு அழுத்து, ஹார்ட்னருக்கு ஒரு அழுத்து போதும். ஐந்துக்கு ஒன்று என்று அழுத்தி வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவு சரியாக இருந்து குளிர்தான் காரணம் என்றால் மிதமாகச் சூடேற்றினால் இறுகிவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அளவு தவறியது என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்வதுதான் வழி. மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்க முடியாது.

கப்பிலேயே கொதித்துப் புகைந்தால் ஒரே இடத்தில் அதிகம் கலந்திருக்கிறீர்கள். வினையில் பிறக்கும் சூடு வெளியேற முடியாமல் வினையையே வேகமாக்கும். புகையை முகராமல் கப்பை வெளியே, தீப்பிடிக்காத தரையில் வைத்துவிடுங்கள். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஆழமான குழியை ஒரே மூச்சில் நிரப்பாமல் 10 மி.மீ. போல அடுக்குகளாக நிரப்புங்கள்.

இறுகிய பரப்பில் மெழுகு மாதிரி வழுவழுப்பு இருந்தால், ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. தண்ணீரில் கரையும். நார்த் தேய்ப்பானால் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம் உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும், அடுத்த பூச்சு உரியும்.

இவ்வளவுக்கும் நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் விலகாது, அப்புறம் கப்பைத் திறந்தாலே தோல் தடிக்கும். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், அது எபாக்சியைத் தோலுக்குள்ளேயே அனுப்பும். சோப்புத் தண்ணீர் போதும். தேய்க்கும்போது தூசிக்குச் சரியான முகமூடி, கண்ணாடி.

திரும்பப் பொருத்தும்போது

வெளியே தெரியும் எபாக்சிக்கு மேலே பெயின்ட் கட்டாயம் வேண்டும், வெயிலின் புறஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். ஃபிட்டிங்கை எபாக்சியால் ஒட்டாதீர்கள். அடுத்தமுறை கழற்ற வேண்டியிருக்கும். 3எம் 5200 போன்ற நிரந்தரப் பசைகளும் அதே காரணத்தால் வேண்டாம். தளத்தின் மேல் உள்ளவற்றுக்கு பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் சீலன்ட் பட்டை) எனக்குப் பிடித்தது. வருடக்கணக்கில் மிருதுவாகவே இருக்கும். பாலிசல்ஃபைடு சீலன்ட்டும் நல்லதுதான், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், அரித்துவிடும்.

ஓட்டையின் மேல்வாயை லேசாகச் சரிவாக விரித்துவிடுங்கள். போல்ட்டின் கழுத்தில் சுற்றிய டேப் அந்தச் சரிவில் உட்கார்ந்து வளையமாகிவிடும். இறுக்கும்போது மேலே இருப்பவர் போல்ட் தலையைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் அந்த வளையம் கிழிந்துவிடும். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும், அதனால் ஒரே நாளில் முழுதாக இறுக்காமல் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கால் சுற்று கொடுங்கள்.

உள்கூரைப் பலகையை உடனே மூடாதீர்கள். அடித்தட்டின் கீழே ஒரு துண்டு காகிதத்தை டேப்பால் ஒட்டிவிட்டு, மேலே பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரை விடுங்கள். காகிதம் உலர்ந்தே இருந்தால் மூடுங்கள். நனைந்தால் எந்த போல்ட்டின் அடியில் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் கழற்றி மறுபடி டேப் சுற்றிப் போடுங்கள்.